டெகானியா: முதல் கிப்புட்ஸ் தோற்றுவிட்டதா?

உங்கள் கேள்வி மூன்றே வரி. இஸ்ரேலில் உறுப்பினர்கள் சேர்ந்து உழைத்து, சேர்ந்து வாழும் கூட்டுக் குடியிருப்புக்குக் கிப்புட்ஸ் என்று பெயர். உலகின் முதல் கிப்புட்ஸான டெகானியாவில் சொத்து முழுவதும் பொது, எல்லோருக்கும் ஒரே வருமானம் என்று படித்திருக்கிறீர்கள். 2007இல் அங்கிருந்தவர்களே அதைக் கைவிட்டதாகவும் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் நூறு ஆண்டு முயற்சி தோற்றுவிட்டது என்றுதானே பொருள் என்று கேட்கிறீர்கள். இதற்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல், மனிதர்கள் சொத்தைப் பொதுவில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ முடியுமா, முடியவில்லை என்றால் அதைக் குலைப்பது மனித சுபாவமா அல்லது வேறு ஏதாவதா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டுறவுச் சங்கப் பணியாளர்களுக்குப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். எந்தக் கூட்டு அமைப்பைப் பற்றிப் பேசினாலும் மாணவர்களை மூன்று விஷயங்களைத் தேடச் சொல்வேன்: நிலம் யாருடையது, முதலீடு யாருடையது, முடிவெடுப்பது யார். டெகானியாவின் கதையை இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் 2007 புரியும். எனக்கு ஹீப்ரு தெரியாது. ஆங்கிலத்தில் கிடைக்கும் ஆவணங்களையும் ஆய்வுகளையும் வைத்தே பேசுகிறேன். தொடக்க காலத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, நிறுவியவர்கள் முதுமையில் எழுதிய நினைவுகள். அதனால் எது உறுதி, எது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

1908இல் பாலஸ்தீனம் ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு ஆர்தர் ருப்பின் என்ற பொருளியல் அறிஞர் யாஃபா துறைமுக நகரில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க முயன்ற சியோனிய அமைப்பின் அலுவலகத்தைத் திறந்தார். கலிலேயாக் கடல் என்று அழைக்கப்படும் நன்னீர் ஏரியின் தென்மேற்குக் கரையில் கின்னெரெட் என்ற பண்ணை தொடங்கப்பட்டது. நிலம், யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்துக்குச் சொந்தம். 1901இல் உருவான அந்த நிதியம் வாங்கிய நிலத்தைத் திரும்ப விற்காது, குத்தகைக்கு மட்டுமே விடும். பண்ணையை நடத்த வேளாண்மை படித்த மேலாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். வேலை செய்தவர்கள் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூத இளைஞர்கள்; பெரும்பாலோர் அதற்கு முன் மண்வெட்டி பிடித்தறியாதவர்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் கீழே கிடக்கும் பள்ளத்தாக்கு அது. வெக்கை, மலேரியா, குறைந்த கூலி, இவற்றோடு மேலாளருடன் ஓயாத சண்டையும் சேர்ந்துகொண்டது. 1909இல் மேலாளர் அரபுத் தொழிலாளர்களை வேலைக்கு எடுத்ததும் இளைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ருப்பின் ஒரு வழி கண்டார். யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே உம் ஜூனி என்ற இடத்தில் இருந்த நிலத்தை ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும் கொண்ட சிறு குழுவிடம் ஓராண்டுக்கு ஒப்படைத்தார். மாதக் கூலி உண்டு, லாபத்தில் பங்கு உண்டு, தலைக்கு மேல் கங்காணி கிடையாது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது லாபம் நின்றது. அந்தக் குழு கலைந்துபோனது. ஆனால் மேற்பார்வை இல்லாமல் வேலை நடக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. 1910 அக்டோபர் இறுதியில், ஹதேரா என்ற ஊரில் ஒன்றாக வாழ்ந்துகொண்டிருந்த பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் வந்து நிலத்தைப் பொறுப்பேற்றார்கள். சுரண்டுகிறவனும் சுரண்டப்படுகிறவனும் இல்லாத குடியிருப்பு என்பது அவர்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட இலக்கு. ஓராண்டு ஒப்பந்தத்தோடு போய்விடாமல் அங்கேயே நிலைத்தார்கள். 1912இல், யோர்தான் ஆறு கலிலேயாக் கடலை விட்டு வெளியேறும் இடத்துக்கு அருகே கல் கட்டடங்கள் எழுந்தன.

இந்தத் தொடக்கத்தை இவ்வளவு நீளமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கிப்புட்ஸ் ஏதோ ஒரு தத்துவ நூலைப் பார்த்துக் கட்டப்பட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த இளைஞர்கள் சோஷலிசமும் டால்ஸ்டாயும் படித்தவர்கள் என்பது மெய்தான். ஆனால் அமைப்பின் உருவம் புத்தகத்திலிருந்து வரவில்லை. மேலாளரோடு நடந்த சண்டையிலிருந்து வந்தது. என் மூன்று கேள்விகளுக்கும் விடை 1910இலேயே தெரிந்துவிடுகிறது. நிலம் அவர்களுடையதல்ல, நிதியத்துடையது. முதலீடும் அவர்களுடையதல்ல, ருப்பினின் அலுவலகம் கொடுத்தது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவர்களுடையது. டெகானியா வேறொருவர் மண்ணில், வேறொருவர் பணத்தில், தன் உறுப்பினர்களால் மட்டுமே ஆளப்பட்டது. இதில் எந்தப் பகுதியை மறைத்தாலும் கதை பொய்யாகிவிடும்.

‘முதல் கிப்புட்ஸ்’ என்ற பட்டத்துக்கு வருகிறேன். இதற்கு முன்னாலேயே 1907-08இல் கீழ்க் கலிலேயாவின் செஜெராவில் மான்யா ஷோஹாத் முதலியோர் கூட்டு விவசாயத்தை முயன்று பார்த்திருக்கிறார்கள், அது நீடிக்கவில்லை. ஆகவே, நிலைத்து நின்ற முதல் குடியிருப்பு என்று டெகானியாவைச் சொல்வது சரி. பின்னாளில் இஸ்ரேலின் புகழ்பெற்ற தளபதியான மோஷே தயான் கிப்புட்ஸில் பிறந்த முதல் குழந்தை என்று பல இடங்களில் படிப்பீர்கள்; அது தவறு. முதல் குழந்தை கிதியோன் பராட்ஸ், 1913இல் பிறந்தவர். தயான் 1915 மே மாதம் பிறந்த இரண்டாவது குழந்தை. 1913இல் மருந்து வாங்கப் போன வழியில் கொல்லப்பட்ட மோஷே பார்ஸ்கி என்ற இளம் உறுப்பினரின் நினைவாக அவருக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

கிதியோனின் தாய் மிரியம் பராட்ஸைப் பற்றி நிறையச் சொல்லலாம். சமத்துவம் பேசிய குழுவிலேயே பெண்கள் முதலில் சமையலுக்கும் துணி துவைப்புக்கும் ஒதுக்கப்பட்டார்கள். மிரியம் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆண்கள் சம்மதிக்காததால், பக்கத்து ஊர் அரபுப் பெண்களிடம் போய்ப் பால் கறக்கக் கற்றுக்கொண்டு வந்து, ஆண்கள் எழும் முன்பே கறந்து காட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. குழந்தை பிறந்த பிறகும் மாட்டுக்கொட்டகையை விடவில்லை. குழந்தையையும் அங்கேயே கொண்டுபோனார். அப்போதுதான் குழுவுக்கு உண்மையான சோதனை வந்தது. குழந்தை தாயின் பொறுப்பா, எல்லோருடைய பொறுப்பா? யோசெப் புசெல் என்ற உறுப்பினர், குழந்தைகளின் செலவும் பராமரிப்பும் பொதுக் கணக்கில்தான் வரவேண்டும் என்று வாதாடினார். அதுவே ஏற்கப்பட்டது. புசெல் 1919இல் கலிலேயாக் கடலில் மூழ்கி இறந்தார். பிள்ளையில்லாதவனும் பிள்ளையுள்ளவனுக்காக உழைக்க வேண்டும் என்ற அந்த முடிவைத்தான் கிப்புட்ஸ் பிறந்த தருணமாக நான் கருதுகிறேன். அதுவரை அது இளைஞர்களின் கூட்டுப் பண்ணையாக மட்டுமே இருந்தது.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். கிப்புட்ஸ் என்றாலே குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தனி விடுதியில் உறங்குவார்கள் என்று நினைக்கிறோம். மிகப் பெரும்பாலான கிப்புட்ஸ்களில் அப்படித்தான் இருந்தது. அந்த வழக்கம் 1990களில்தான் முற்றிலும் மறைந்தது. டெகானியாவோ அதை ஏற்காத ஒருசில குடியிருப்புகளில் ஒன்று. பகலில் குழந்தைகள் பொதுப் பராமரிப்பில், இரவில் பெற்றோரிடம்.

டெகானியா பெரிதாக வளரவும் விரும்பவில்லை. எல்லோரும் எல்லோரையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் அளவுக்குள் குழு இருக்க வேண்டும் என்பது அவர்களின் உறுதி. புதியவர்கள் வந்தபோது 1920இல் பக்கத்திலேயே டெகானியா பேத் என்ற தனிக் குடியிருப்பு உருவாக வழி செய்தார்கள். பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரான லெவி எஷ்கோல் அதை நிறுவியவர்களில் ஒருவர். இதற்கு நேரெதிரான வழியை 1921இல் தொடங்கிய எய்ன் ஹரோத் எடுத்தது: நூற்றுக்கணக்கானவர்கள், விவசாயத்தோடு தொழிற்சாலை, கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அதே 1921இல் நஹலால் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிலம், விற்பதும் வாங்குவதும் மட்டும் கூட்டாக. தயானின் பெற்றோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முழுப் பொதுவுடைமை தமக்கு ஒத்துவராது என்று கருதியவர்கள் முதல் பத்தாண்டிலேயே விலகி வேறொரு நல்ல அமைப்பைக் கட்டிக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வெளியேறும் வழி எப்போதும் திறந்திருந்தது. சோவியத் கூட்டுப் பண்ணைகளோடு கிப்புட்ஸை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஒட்டோமான் நிலச் சட்டத்தால் பல இடங்களில் பட்டா நகரத்து நிலவுடைமையாளர்கள் பெயருக்குப் போனது. உழுதவர் குத்தகைதாரராகவே நின்றார். விற்பனை நடந்தபோது உழுதவரின் கருத்தை யாரும் கேட்கவில்லை. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, தன் உழைப்பால்தான் வாழ வேண்டும் என்ற கிப்புட்ஸின் உயர்ந்த கொள்கை, நடைமுறையில் அரபுத் தொழிலாளிக்கு அந்த மண்ணில் வேலை இல்லை என்றும் ஆனது. 1909இன் வேலைநிறுத்தத்திலேயே அது இருக்கிறது. உள்ளே சமத்துவத்தைக் காத்த அதே விதி வெளியே ஒருவரை விலக்கியது. டெகானியாவுக்கு அருகில் இருந்த சமாக், 1945இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த, ரயில் நிலையம் கொண்ட ஊர். 1948 ஏப்ரலில், போரின்போது அது காலியானது. அதன் நிலத்தில் பின்னர் யூதக் குடியிருப்புகள் வந்தன. கிப்புட்ஸ்கள் எங்கே அமைய வேண்டும் என்பதை 1930களிலிருந்தே எல்லைக் கணக்குகள்தான் பெருமளவு தீர்மானித்தன. 1936 முதல் 1939 வரை ஒரே நாளில் மதிலும் காவல் கோபுரமும் எழுப்பி ஐம்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை நிறுவினார்கள். அவற்றில் பல கிப்புட்ஸ்கள்.

இஸ்ரேல் உருவான சில நாட்களில், 1948 மே 20 அன்று சிரியப் படை டாங்கிகளோடு டெகானியாவைத் தாக்கியது. தாக்குதல் வாயிலருகே தடுத்து நிறுத்தப்பட்டது. அன்று சிக்கிய பிரெஞ்சுத் தயாரிப்பான ரெனோ டாங்கி ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. உறுப்பினர் ஒருவர் வீசிய பெட்ரோல் குண்டு அதைத் தகர்த்தது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட செய்தி. தாம்தான் வீசியது என்று உரிமை கோரியவர்களும் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். 1991இல் இஸ்ரேல் ராணுவத்தின் தளவாடப் பிரிவு ஆராய்ந்து, டாங்கி எதிர்ப்பு ஆயுதத்தின் குண்டுதான் உள்ளிருந்தவர்களைக் கொன்றது என்று முடிவு சொன்னது. தாக்குதல் நடந்ததும் நின்றதும் உறுதி. தனிமனித வீரக் கதையைச் சந்தேகத்தோடுதான் ஏற்க வேண்டும்.

இஸ்ரேல் உருவானதற்குச் சற்று முன், யூத மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 சதவீதம் பேர் கிப்புட்ஸ்களில் வாழ்ந்தார்கள். அந்த எண்ணிக்கையைத் தாண்டிய செல்வாக்கு அவர்களுக்கு அரசியலிலும் படையிலும் இருந்தது. உள்ளே நடந்த வாழ்க்கையைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சாப்பாடு பொதுக் கூடத்தில். துணி பொதுச் சலவையகத்தில். நாளை யாருக்கு என்ன வேலை என்று ஒருவர் பட்டியல் போடுவார். பெரிய முடிவுகள் பொதுக்கூட்டத்தில் கைதூக்கி எடுக்கப்படும். அறையில் தனியாக மின்கெண்டி வைத்துக்கொள்ளலாமா என்பது கிப்புட்ஸ்களில் பெரும் விவாதமாக இருந்தது. அதைக் கேட்டு வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள்; எனக்கு அது மிக முக்கியமான விவாதமாகவே தோன்றும். அறையில் தேநீர் போட முடிந்தால் மாலையில் கூடத்துக்கு வரவேண்டிய தேவை குறைகிறது. கூடத்துக்கு வராதவன் மெல்லப் பொதுக்கூட்டத்துக்கும் வராமல் போகலாம். 1950களில் இதைவிடக் கடினமான கேள்வி வந்தது. நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஜெர்மனி தனித்தனியாக இழப்பீடு தரத் தொடங்கியது. கொல்லப்பட்ட பெற்றோருக்காக வரும் பணத்தையும் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? பொதுவில் சேர வேண்டும் என்பதே கொள்கை. பல இடங்களில் ஒரு பகுதியை உறுப்பினர் வைத்துக்கொள்ள விட்டார்கள். வருமானம் வெளியிலிருந்து தனி ஆளின் பெயருக்கு வரத் தொடங்கும்போது சமத்துவம் எப்படித் தடுமாறும் என்பதை அப்போதே பார்த்துவிட்டார்கள்.

கூலிக்கு ஆள் வைப்பதில்லை என்ற விதியும் அந்தக் காலத்தில்தான் தளர்ந்தது. லட்சக்கணக்கில் புதியவர்கள் நாட்டுக்கு வந்தபோது, அவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று அரசே கிப்புட்ஸ்களை வற்புறுத்தியது. தொழிற்சாலைகளும் பெருகின. டெகானியாவில் வைரம் பதித்த வெட்டுக்கருவிகள் செய்யும் ஆலை வந்தது. நெகேவ் பாலைவனத்தின் ஹட்செரிம் கிப்புட்ஸ் 1965இல் தொடங்கிய நெட்டாஃபிம் நிறுவனத்தின் சொட்டுநீர்க் குழாய்களை இன்று நம் ஊர்த் தோட்டங்களிலும் பார்க்கலாம். உறுப்பினர் முதலாளியாகவும் பக்கத்து நகரத்துக்காரர் கூலியாளாகவும் நின்ற இடங்களில் கசப்பு வளர்ந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த யூதர்கள், கிப்புட்ஸ்களோடு நெருக்கமாக இருந்த தொழிலாளர் கட்சியின் ஆட்சியை 1977இல் மாற்றியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின் கிப்புட்ஸ்களுக்கு அரசில் பழைய நெருக்கம் இல்லாமல் போனது என்பதில் சந்தேகமில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1984இல் இஸ்ரேலில் பணவீக்கம் ஆண்டுக்கு 400 சதவீதத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட காலத்தில் கடன் வாங்குவது லாபம், ஏனென்றால் திருப்பிக் கொடுக்கும்போது பணத்தின் மதிப்பு கரைந்திருக்கும். கிப்புட்ஸ்கள் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் தாராளமாகக் கடன் வாங்கின. ஒன்றுக்கொன்று உத்தரவாதமும் கொடுத்துக்கொண்டன. 1985 ஜூலையில் அரசு பொருளாதாரத்தைச் சீராக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பணவீக்கம் சரிந்தது, பணவீக்கத்தைக் கழித்த உண்மை வட்டி விகிதம் ஏறியது, கரைய வேண்டிய கடன் கரையாமல் வீங்கியது. நன்றாக நடந்த கிப்புட்ஸ்களும் உத்தரவாதம் கொடுத்ததால் சிக்கின. 1989இலும் 1996இலும் வங்கிகள், அரசு, கிப்புட்ஸ்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒப்பந்தம் செய்து கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தன, மீதியை நீண்ட தவணையாக்கின. அதற்குள் இளைஞர்கள் பெருமளவில் வெளியேறிவிட்டார்கள். வயது முதிர்ந்தவர்களே மிஞ்சிய பல இடங்களில் அவர்களுக்கு ஓய்வூதியம் என்று எதுவும் சேர்த்து வைக்கப்படவில்லை. அடுத்த தலைமுறை உழைத்துப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அவர்களின் ஓய்வூதியமாக இருந்தது.

மனித சுபாவம்தான் கிப்புட்ஸைக் குலைத்தது என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்காததற்குக் காரணம் இதுதான். அதே சுபாவம் கொண்டவர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த ஏற்பாட்டில் வாழ்ந்தார்கள். குலைந்தது மூன்றில் ஒன்று: வெளியிலிருந்து மலிவாகக் கிடைத்த முதலீடு. ஆனால் சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். திறமையானவர்கள் வெளியில் நல்ல ஊதியம் பார்த்தார்கள். உழைப்பவருக்கும் சும்மா இருப்பவருக்கும் ஒரே படி என்பது பலருக்கு உறுத்தியது. கடன் இல்லாதிருந்தால் அந்த உறுத்தலோடு இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கடனில் சிக்காத, நல்ல லாபம் ஈட்டிய பல கிப்புட்ஸ்கள் பழைய முறையிலேயே நீடித்தன என்பது என் பக்கத்துக்கு வலுவான சான்று. இழுத்து மூடும் நிலையில் இருந்தவை முதலில் மாறின.

டெகானியா அவசரப்படவில்லை. ஓராண்டு சோதித்துப் பார்த்த பிறகு 2007இல் பெரும்பான்மை வாக்கில் மாற்றத்தை ஏற்றது. அதுவரை வெளியில் வேலை பார்த்தவரின் சம்பளமும் பொதுக் கணக்குக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் குடும்பத் தேவைக்கு ஏற்பப் படி கிடைக்கும். மாற்றத்துக்குப் பின் சம்பளம் அவரவருக்கே. ஆனால் வருமானத்துக்கு ஏற்ப உயரும் உள்வரி ஒன்றை எல்லோரும் கட்டுகிறார்கள். குறைவாகச் சம்பாதிப்பவர், முதியவர், நோயாளி ஆகியோருக்கு அதிலிருந்து குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்யப்படுகிறது. தொழிற்சாலையைத் தனியாருக்கு விற்றுப் பிரித்துக்கொள்ளவில்லை. நிலம் இன்றும் குத்தகைதான். பொதுக்கூட்டமும் இருக்கிறது. நீங்கள் படித்த செய்தித் தலைப்புகள் இதைச் சொல்லாமல் விட்டிருக்கும்.

ஆகவே ‘தோற்றுவிட்டதா’ என்பதற்கு என் பதில்: சம வருமானம் முடிந்தது, கூட்டுடைமையும் பரஸ்பரப் பொறுப்பும் முடியவில்லை. முன்பிருந்ததை விட இது குறைவுதான், அதை மழுப்ப விரும்பவில்லை. பிள்ளையில்லாதவன் பிள்ளையுள்ளவனுக்காக உழைப்பான் என்று புசெல் வாதாடிப் பெற்ற விதி, இப்போது வரி விகிதமாகச் சுருங்கியிருக்கிறது. இஸ்ரேல் அரசும் 2005இல் சட்ட வரையறையை மாற்றி, பழைய முறையில் நடப்பவை, புதுப்பிக்கப்பட்டவை, நகர்ப்புறத்தில் இயங்குபவை என்று கிப்புட்ஸ்களை வகைப்படுத்திவிட்டது. மொத்தம் 270 அளவில் இருக்கும் கிப்புட்ஸ்களில் பெரும்பாலானவை இன்று இரண்டாம் வகை. சில டஜன் குடியிருப்புகள் இன்னும் வருமானத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. இந்தத் துறையை மேலும் படிக்க விரும்பினால் அந்தச் சிறுபான்மையிலிருந்து தொடங்குங்கள். அவற்றின் தொழில் என்ன, கடன் எவ்வளவு, இளைஞர்கள் திரும்பி வருகிறார்களா என்று தேடிப் பாருங்கள். டெகானியாவுக்கு ஏன் அப்படி நடந்தது என்பதற்கு மிகத் தெளிவான பதில் அங்கேதான் கிடைக்கும்.